புழக்கடையில் புகையில்லாச் செங்கல் அடுப்பு

மேல்நாட்டார் பலர் வீட்டின் பின்புறத்தே செங்கல் அடுப்பொன்று கட்டி, விடுமுறை நாள்களில் இறைச்சி வாட்டி விருந்துண்டு மகிழ்வர். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. திருவண்ணாமலை மாவட்டத்துக் குடியானவர் இல்லத்திலும் நெசவாளர் இல்லத்திலும் புழக்கடை அடுப்பு பிழைப்போடு பிணைந்த ஒன்று. நெல் அவிப்பதும், வெந்நீர் காய்ச்சுவதும், விசேஷ நாள்களில் பெரிய அண்டாவில் சோறு ஆக்குவதும் அங்கேதான். ஆரணிப் பக்கத்தில் பட்டு நூலின் பசை போக்கவும் சாயம் ஏற்றவும் கொதிநீர் வேண்டும். சிறு சாயக்காரர்களுக்கு விறகே கை கொடுக்கிறது.

2016ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு எரிவாயு கிடைத்தது. அன்றாடச் சமையலுக்கு அதுவே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அண்டாவை ஏற்றி மணிக்கணக்கில் எரிக்க எரிவாயு உருளை கட்டுபடியாவதில்லை. சங்கப் பணியாகக் கிராமங்களுக்குச் செல்லுகையில், முன்னறையில் எரிவாயு அடுப்பும் பின்கட்டில் மூன்று கல் அடுப்பும் ஒருங்கே இருப்பதை நாம் காண்கிறோம். அந்த மூன்று கல்லின் முன் குனிந்து ஊதுகின்றவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்களே. மழைக்காலத்தில் அடுப்பு சாய்ப்பின் கீழ் வந்துவிடும். புகையும் உடன் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையினால் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிர் நீத்தனர். மலைமேல் தீபம் ஏற்றி நெருப்பை வணங்கும் ஊர் நம்முடையது. அதற்காகப் புகையையும் சகித்திருக்க வேண்டுவதில்லை.

இக்குறையைப் போக்க முயன்றோர் முன்பே உண்டு. வார்தாவிலுள்ள மகன்வாடியில் கிராமக் கைத்தொழில் ஊழியர்கள் 1947ஆம் ஆண்டளவில் ‘மகன் சூலா’ என்ற அடுப்பை அமைத்தனர். ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகையில்லா அடுப்பைப் பற்றி 1953இல் நூலே வெளியிட்டார். இவற்றின் தத்துவம் நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் தலையடுப்பின் அனல் வீணாகாமல் பக்கத்தே கொடியடுப்பு வைத்தார்கள் அல்லவா? அக்கொடியடுப்பின் பின்னே ஒரு புகைபோக்கியை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முதலில் இடம். வைக்கோற்போர், கூரை, நூற்கட்டு ஆகியவற்றுக்கு அருகில் கூடாது. வீட்டின் தென்கிழக்கை நம்மவர் அக்கினி மூலை என்பர். ஆடியில் தென்மேற்கிலிருந்தும் ஐப்பசியில் வடகிழக்கிலிருந்தும் வீசும் காற்று, அம்மூலையில் எழும் புகையை வீட்டின்மீது செலுத்தாமல் ஓரமாகவே கொண்டு போகும். ஆதலின் இடமிருந்தால் அதையே தேர்க.

மூன்றரை அடி நீளம், இரண்டடி அகலத்தில் இரண்டு வரி செங்கல்லால் மேடை அமைக்க வேண்டும். அதன்மேல் மூன்று வரிச் சுவர். ஒன்பது அங்குல நாட்டுச் செங்கல் 120 அளவில் போதும். நெருப்புப் படும் இடத்தில் சிமெண்டுச் சாந்து வெடித்து உதிரும். களிமண்ணும் மணலும் உமியும் கலந்து பிசைந்த மண்ணே ஏற்றது. தலையடுப்பின் அடியில் இரும்புக் கம்பிகளை அரை அங்குல இடைவெளியில் பதித்து, கீழே சாம்பல் விழ இடம் விட வேண்டும். காற்று கீழிருந்து ஏறினால்தான் விறகு நன்றாக எரியும். தலையடுப்பிலிருந்து கொடியடுப்புக்கு நான்கு அங்குல வழி சற்றே மேல்நோக்கிச் செல்லட்டும். பாத்திரம் துளையின்மேல் இடுக்கின்றிப் பொருந்த வேண்டும். இடுக்கு இருந்தால் புகை அவ்வழியே வெளியேறும்.

புகைபோக்கிக்கு நான்கு அங்குலச் சுட்ட மண் குழாயோ இரும்புத் தகட்டுக் குழாயோ பயன்படுத்தலாம். முற்காலத்தில் கல்நார்க் குழாய் வைத்தனர். அதன் தூசி புற்றுநோய் விளைப்பது என்பதை இன்று அறிவோம். குழாய் ஆறு அடிக்குக் குறையாமலும், அருகிலுள்ள கூரைக்கு இரண்டடி மேலும் உயர்ந்திருக்க வேண்டும். அடிப்பாகத்தில் ஒரு செங்கல்லைப் பூசாமல் விடுக. கரியை வாரியெடுக்க அதுவே கதவு. அடுப்பை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, பின் சிறு தீயிட்டுப் பழக்க வேண்டும். காய்ந்த வேலிக்காத்தான், சவுக்கு, நிலக்கடலைத் தோல் ஆகியவை இதற்குத் தக்க எரிபொருள்கள். ஈர விறகை எந்த அடுப்பும் மன்னிக்காது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். 1983இல் மத்திய அரசு சீர்திருத்த அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அது முடிவதற்குள் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் கணக்கில் ஏறின. ஆனால் அவற்றுட் பல விரைவிலேயே கைவிடப்பட்டன. ஒடிசாவில் இத்தகைய அடுப்புகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கை கூறுவது யாதெனில், முதலாண்டில் புகை குறைந்தது. பிறகு அப்பயன் மறைந்தது. வெடிப்பைப் பூசவும் குழாயிலுள்ள கரியை அகற்றவும் ஆளில்லை. கட்டிக் கொடுத்தவர் போய்விட்டார். அடுப்பூதும் பெண்ணிடம் உயரத்தையும் வாயளவையும் எவரும் கேட்கவில்லை.

ஆகவே கொத்தனாரிடம் விட்டுவிடாமல், பயன்படுத்தும் பெண்மணியையே முன்னிறுத்திக் கட்டுங்கள். அவர் பாத்திரத்தை வைத்தே துளையை அளவெடுங்கள். மாதம் ஒருமுறை கரி நீக்கும் பொறுப்பை வீட்டு ஆடவர் ஏற்கட்டும். ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் செங்கல்லும் குழாயும் மொத்தமாக மலிவில் வாங்கலாம். ஒருவர் வீட்டு வேலைக்கு மற்றவர் கை கொடுக்கலாம். பஞ்சத்துக்கும் பாவுக்கும் கடன் கேட்க ஒன்றுகூடும் நாம், நம் வீட்டுப் பெண்களின் கண்ணுக்காகவும் மூச்சுக்காகவும் ஒன்றுகூடலாகாதா? அடுத்த மாதர் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைப் பேசி, ஒரு வீட்டிலேனும் கட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.