பருமட்டான அளவுகோல்

7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள சட்டத்துக்குள் பந்து முழுவதுமாகக் கோட்டைக் கடந்தால் அது கோல் என்று கால்பந்து விதி வரையறுக்கிறது. அந்தக் கோலுக்கு ஆட்டத்தில் கிடைக்கும் எடையோ அதன் அருமையிலிருந்து பிறக்கிறது. 2022இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள். அதாவது இரு அணிகளும் சேர்ந்தும் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று கோலை எட்டவில்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஓர் அணி தனியாகவே நூறு புள்ளிகளைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. தொழில்முறைக் கபடியில் முப்பது புள்ளி என்பது வழக்கமான எண்ணிக்கை. அங்கெல்லாம் இழந்த புள்ளியை அடுத்த சில நொடிகளிலேயே மீட்டுவிடலாம். கால்பந்தில் ஒரு கோல் பின்தங்கிய அணிக்கு, அதை ஈடுசெய்யும் தருணம் வாய்க்காமலே நேரம் முடிந்துபோகலாம்.

அரிய நிகழ்வுகள் ஒரு கால அளவுக்குள் எத்தனை முறை நேரக்கூடும் என்பதைக் கணிக்கும் முறைக்குப் புள்ளியியலில் பாய்சான் பரவல் என்று பெயர். பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் தெனி பாய்சானின் 1837ஆம் ஆண்டு நூலிலிருந்து வந்த இந்த முறை, பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கைக்குப் பொருந்துவதை 1898இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் காட்டினார். கால்பந்தில் விழும் கோல்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ இந்தப் பரவலுக்குள் அடங்குகிறது. ஆட்டத்துக்குச் சராசரியாக 1.8 கோல் அடிக்கக்கூடிய அணியும், அதில் பாதியான 0.9 கோல் அடிக்கக்கூடிய அணியும் மோதுவதாகக் கொண்டால், இந்தக் கணக்கின்படி இரு மடங்கு வலிய அணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 59தான். ஆட்டம் சமனாகும் வாய்ப்பு 23, மெலிந்த அணி வென்றுவிடும் வாய்ப்பு 18. இதே விகிதத்தைக் காத்து, கோல்கள் மட்டும் பத்து மடங்காக, 18க்கு 9 என்று விழுமானால், வலிய அணியின் வாய்ப்பு சுமார் 95க்கு உயர்ந்துவிடுகிறது. தமிழில் அளக்கும் தண்டுக்கும் கோல் என்றே பெயர் இருப்பது இங்கு நினைக்கத்தக்கது: திறமையை அளக்கும் கருவியாகப் பார்த்தால், கால்பந்தின் கோல் மிகப் பருமட்டான அளவுகோல்.

இயற்பியலாளர் எலி பென்-நைமும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் ஐந்து விளையாட்டுகளின் லீக் முடிவுகளைத் தொகுத்து ஒப்பிட்டபோது, மெலிந்த அணி வலிய அணியை வீழ்த்துவது, முழு வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கையில், இங்கிலாந்துக் கால்பந்தில்தான் மிகுதி என்று கண்டனர். எளிய அணியின் ஆதரவாளர் கடைசி நிமிடம்வரை இருக்கையை விட்டு எழாததற்குக் கணக்கிலேயே நியாயம் இருக்கிறது.

கோலின் அருமையை விதிகளால் மாற்றவும் முடியும். பந்து முன்னோக்கி அனுப்பப்படும் தருணத்தில் தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் போதிய அளவில் இல்லையென்றால் அது ஆஃப்சைடு. 1925இல் அந்தக் குறைந்த எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகத் தளர்த்தப்பட்டது. விளைவாக, இங்கிலாந்து முதல் டிவிஷனின் 462 ஆட்டங்களில் முந்தைய பருவத்தில் 1,192ஆக இருந்த கோல்கள் ஒரே பருவத்தில் 1,703ஆக ஏறின. தற்காப்பும் சும்மா இருக்கவில்லை: ஆர்சனல் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரைப் பின்னிழுத்து மூன்றாம் தடுப்பாளராக நிறுத்தினார், பிற அணிகளும் அதைப் பின்பற்றின.

அரிதாக விழுவதாலேயே கோல் ஆய்வாளரையும் ஏமாற்றக்கூடியது. 1950 முதல் ஆட்டங்களைக் குறிப்பெடுத்த சார்லஸ் ரீப், பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் விளைவதைக் கண்டு, பந்தை விரைந்து நெடுந்தூரம் அடிப்பதே சிறந்தது என்று முடிவு கட்டினார். ஆனால் கோலில் முடியாதவற்றையும் சேர்த்து எல்லா நகர்வுகளிலும் பெரும்பாலானவை அவ்வளவு குறுகியவையே என்பதால், அவர் கண்ட விகிதம் குறுகிய நகர்வின் சிறப்பை நிறுவவில்லை. பல்லாண்டு உழைத்துத் திரட்டிய குறிப்புகள் தவறான திசைக்கு வழிகாட்டியது வருத்தத்துக்குரியது. இன்று ஒவ்வோர் உதைக்கும் அது அடிக்கப்பட்ட தொலைவு, கோணம் போன்றவற்றைக் கொண்டு கோலாகும் நிகழ்தகவைக் கணித்துக் கூட்டுகிறார்கள். இக்கூட்டுத்தொகை 'எதிர்பார்க்கப்படும் கோல்' எனப்படுகிறது. விழுந்த கோல்களைவிட இது அணியின் தரத்தை நுட்பமாகக் காட்டும். எனினும் வெற்றி தோல்வியை அது தீர்மானிப்பதில்லை.

கத்தார் உலகக் கோப்பையில் 2022 நவம்பர் 22 அன்று சவூதி அரேபியாவிடம் 1–2 என்று தோற்ற அர்ஜென்டினா, முதல் பாதியில் மட்டும் மூன்று முறை பந்தை வலைக்குள் செலுத்தியும் ஆஃப்சைடால் அவற்றை இழந்திருந்தது. அதே அணி டிசம்பர் 18 அன்று பிரான்ஸுடன் இறுதியாட்டத்தில் மோதியபோது, 120 நிமிடங்களில் ஆறு கோல்கள் விழுந்தும் ஆட்டம் 3–3 என்று சமனிலேயே நின்றது; பதினொரு மீட்டர் தொலைவிலிருந்து மாறிமாறி அடித்த பெனால்டிகளில் 4–2 என்று முந்தியே அர்ஜென்டினா கோப்பையை ஏந்தியது.