புதிய தீட்டுக்கல்லை மட்டமாக்கலும் பேணலும்

தோடைக் கன்றுகளில் அரும்பொட்டுச் செய்யும் கமக்காரர் பலர், ஒட்டுப் பிடிக்காதபோது வெயிலையும் ஒட்டுக்கட்டையையும் குறை கூறுவர். கத்தியைப் பார்ப்போர் சிலரே. அதனைத் தீட்டிய கல்லைப் பார்ப்போர் அதனினும் சிலர். மழுங்கிய கத்தி பட்டையை வெட்டாது கிழிக்கும். கிழிந்த மாறிழையம் காய்ந்து, அரும்பும் பட்டுப்போகும்.

ஒட்டுக்கத்தியின் அலகு பெரும்பாலும் ஒரு பக்கம் தட்டையானது. குழிந்த கல்லில் தேய்த்தால் அத்தட்டை உருண்டுவிடும். பின்னர் எத்தனை முறை தீட்டினும் கூர் வாராது. புதுக்கல் மட்டமாகவே இருக்கும் என எண்ணற்க. சூளையில் சுடும்போது சில கற்கள் சிறிது வளைவதுண்டு. உருக்கு அடிமட்டமொன்றைக் கல்லின் நீளத்திலும், அகலத்திலும், மூலைக்கு மூலையும் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி புகும் இடமே பள்ளம்.

மட்டமாக்குவதற்கு 6 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடித் துண்டொன்றும், நீரில் நனைத்துத் தேய்க்கத்தக்க 120ஆம் இலக்கக் கறுப்பு அரத்தாளும் போதும். ஆற்றுமணல் உதவாதா எனக் கேட்பர். சிலிக்கன் காபைட்டுக் கல் மணலினும் மிகக் கடினமானது. மணல் சேறாகுமேயன்றிக் கல் எளிதில் தேயாது. கண்ணாடியை ஈரச்சாக்கின்மேல் வைத்தால் நழுவாது. நனைத்த தாளை அதன்மேல் ஒட்டவிடுக. கல்லின் முகத்திற் பென்சிலாற் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் இட்டு, நீர் தெளித்து, வட்டமாகத் தேயுங்கள். இருபது சுற்றுக்கு ஒருமுறை கல்லை முன்பின்னாகத் திருப்புதல் வேண்டும். இன்றேல் ஒரு முனை அதிகம் தேயும். மேட்டிலுள்ள கோடுகள் முதலில் மறையும். யாவும் மறைந்தபின் மீண்டும் கோடிட்டுச் சிறிது தேய்க்கையில், எல்லாம் ஒருங்கே மறைந்தால் வேலை முடிந்தது. கூரான விளிம்புகளையும் சாய்வாக மெல்லத் தேய்த்துவிடுங்கள். அவையே முதலில் உடைவன. மறுமுகத்துக்கும் இவ்வாறே செய்க.

நீரா எண்ணெயா என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும். எண்ணெய் ஊறிய கல் பின்னர் நீரை ஏற்காது. நல்லெண்ணெய் நாட்பட்டாற் பிசினாகித் துளைகளை அடைக்கும். ஒட்டுக்கத்திக்கு நீரே நன்று; அலகில் எண்ணெய் தங்கின் வெட்டுவாயிற் படியும். நுண்துளைகள் உள்ள கல்லாயின், குமிழிகள் எழுவது நிற்கும்வரை நீரில் ஊறவிடுக.

தீட்டும்போது நடுவில் மட்டும் உரசாது முழு முகத்தையும் பயன்படுத்துங்கள். அவசரத்தில் யாரும் செய்யும் பிழை இது. மண்வெட்டிக்கு அரம் போதும். கோடரிக்கு வேறு கல் வைத்திருங்கள். வேலை முடிந்ததும் கருஞ்சேற்றைக் கழுவி, கல்லை நிழலில் உலர்த்திப் பெட்டியில் வைக்கவும். அடுப்பருகே உலர்த்தினால் வெடிக்கக்கூடும். ஒட்டு வேலை மிகுந்த காலத்தில், மாதம் ஒருமுறையேனும் பென்சிற் கோடிட்டு மட்டத்தைச் சோதித்துப் பாருங்கள்.