மடக்கி உழுதால் குரோமியம் போகுமா?

போன மாதம் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் பண்ணினார். "சார், தோல் பதனிடுற தண்ணி பாய்ஞ்சு கெட்டுப்போன நிலம், மூணு ஏக்கர். தொழுவுரம் போட்டு கடுகு விதைச்சா குரோமியத்தை உறிஞ்சிடுமாம். பூ எடுக்கிறப்போ மடக்கி உழுதுடலாமா?"

"மடக்கி மட்டும் உழுதுடாதீங்க" என்றேன்.

மண்ணில் விளைந்ததை மண்ணுக்கே கொடு என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். உலோகத்துக்கு அது ஆகாது. தக்கைப்பூண்டு மக்கும், குரோமியம் மக்காது. செடி எடுத்ததைத் திரும்ப உழுதால் எடுத்தது எடுத்த இடத்துக்கே வரும். மாட்டுக்குப் போட்டாலும் சாணத்தோடு வயலுக்கு வந்துவிடும். போதாததற்கு, செடி உறிஞ்சும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். தண்டுக்கு ஏறுவது கொஞ்சம்தான். மேலே அறுத்துப் போட்டு நிலத்தைச் சுத்தம் செய்ய எத்தனை தலைமுறை ஆகுமோ!

மலேசியாவின் சபா பகுதியில் நம்ம கீழாநெல்லிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்று நிக்கலை இலையில் சேர்த்து வைக்கிறது. அதை வெட்டி எரித்து, சாம்பலிலிருந்து நிக்கல் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே மண்ணிலேயே நிக்கல் உண்டு, செடியும் அதற்கென்றே பழகியது. குரோமியத்துக்கு அப்படி ஒரு செடியை நம்பி இறங்க முடியாது.

அப்போ தொழுவுரம் வீணா? இல்லை. குரோமியத்துக்கு இரண்டு முகம். ஆறு இணைதிறன் கொண்டது தண்ணீரில் கரைந்து கிணறு வரை போகும், புற்றுநோயும் தரும். மூன்று இணைதிறன் கொண்டது மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மட்கு, ஆறை மூன்றாக மாற்றும். அதாவது பூட்டி வைக்கிறோம், வெளியேற்றவில்லை. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு கொஞ்சத்தை மறுபடி ஆறாக்கவும் கூடும்.

உலோகத்தை மீட்க வேண்டிய இடம் தொழிற்சாலை. பதனிட்டு மிஞ்சிய நீரில் மக்னீசியம் ஆக்சைடைக் கலந்தால் குரோமியம் வண்டலாகப் படியும். கந்தக அமிலத்தில் கரைத்து அதையே மறுபடி பயன்படுத்தலாம். 1996-ல் வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மண்ணுக்கு வந்த பிறகு யார் ஏற்றாலும் செலவு பல மடங்கு.

வங்கியில் இருந்த காலத்தில் சிட்டா, அடங்கல், வில்லங்கம் எல்லாம் புரட்டிப் பார்த்துத்தான் பயிர்க்கடன் கொடுத்தேன். மண்ணுக்கு வில்லங்கம் இருக்கா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவருக்குச் சொன்னது: கீரை, கிழங்கு இப்போது வேண்டாம். சாதாரண மண் பரிசோதனையில் குரோமியம் வராது. கன உலோகம் பார்க்கிற ஆய்வகத்தில் மொத்தக் குரோமியத்தோடு ஆறு இணைதிறனையும் தனியாகக் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் கொடுங்கள். உப்பையும் பாருங்கள், பல வயல்களில் பயிரை முதலில் கருக்குவது அதுதான். மாதிரி எடுக்க எவர்சில்வர் கரண்டி வேண்டாம், அதிலேயே குரோமியம் இருக்கு. மரத்துண்டோ பிளாஸ்டிக்கோ போதும்.