தம்புரா இல்லாத சங்கீதம்: ஒரு சொனாட்டாவின் அமைப்பு

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பியானோ பயிலும் பிள்ளைகள் உளர். அவர்கள் வாசிப்பதைக் கேட்கும் பெற்றோர், ‘இது நமக்கு எட்டாத சங்கீதம்’ என்று ஒதுங்கிவிடுவதும் உண்டு. அங்ஙனம் ஒதுங்க வேண்டுவதில்லை. மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் (1919–1974) 94 கிருதிகள் இயற்றியவர். பியானோவையும் முறையாகப் பயின்றவர். ருஷ்ய இசைவாணர் மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். இரு இசைகளும் ஒரே செவியில் இடம்பெறக்கூடும் என்பதற்கு அவரே சான்று.

இன்று நாம் எடுத்துக்கொள்வது, மோட்சார்ட் 1788-ஆம் ஆண்டில் வியன்னாவில் இயற்றிய 545-ஆம் எண் சொனாட்டாவின் முதற் பகுதி. தொடக்க மாணவர்களுக்கென அவரே குறித்த சிறிய படைப்பு இது. நான்கு எண்ணிக்கை கொண்ட தாள அளவுகள் மொத்தம் 73. அவை அறிமுகம், விரிவு, மீட்சி என மூன்றாகப் பிரியும்.

அறிமுகம் 28 அளவுகள். வலக்கை முதற் கருத்தை இசைக்க, இடக்கை சுரங்களைப் பிரித்துப் பிரித்து ஒலிக்கிறது. வெள்ளைக் கட்டைகளே போதும். சுரங்கள் நம் சங்கராபரணத்தினுடையவை. பிறகு ஓடும் சுரவரிசைகள் வந்து, பஞ்சமத்தில் நின்று, 14-ஆம் அளவில் இரண்டாங் கருத்துப் பிறக்கிறது. இப்போது ஒரு கறுப்புக் கட்டை சேர்ந்துவிட்டது: சுத்த மத்யமம் பிரதி மத்யமமாயிற்று. பழைய ஷட்ஜத்தை வைத்துப் பார்ப்பின் இவை கல்யாணியின் சுரங்கள். பஞ்சமத்தையே ஷட்ஜமாகக் கொண்டால் மீண்டும் சங்கராபரணமே. நாம் கிரகபேதம் என்கிறோமே, அதுதான்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் கச்சேரியில் கிரகபேதம் நொடிப்பொழுது மின்னி மறையும். தம்புரா ஆதார ஷட்ஜத்தை விடாது ஒலிக்கும். பியானோவுக்குத் தம்புரா இல்லை. ஆகவே ஷட்ஜமே இடம்பெயர்கிறது. பழைய இடத்தைக் கேட்பவரின் நினைவே காக்க வேண்டும். சொனாட்டாவின் சுவையெல்லாம் இந்த நினைவில்தான் அடங்கியிருக்கிறது.

விரிவு 13 அளவுகளே. அறிமுகத்தின் முடிவில் வந்த சிறு துணுக்கு, மென்காந்தாரம் கொண்ட சோகச் சாயையில் தொடங்கி, சுருதி விட்டுச் சுருதி தாவுகிறது. எங்கே இருக்கிறோம் என்ற ஐயம் எழுதல் வேண்டும் என்பதே நோக்கம்.

42-ஆம் அளவில் மீட்சி. முதற் கருத்துத் திரும்புகிறது. ஆனால் வழக்கத்திற்கு மாறாக, மத்யமத்தை ஷட்ஜமாகக் கொண்டு! பழைய ஷட்ஜத்தின்படி அவை அரிகாம்போதியின் சுரங்கள். பாட்டு வந்துவிட்டது, வீடு வரவில்லை. பின்னர் சுரவரிசைகள் நீண்டு, 59-ஆம் அளவில் இரண்டாங் கருத்து ஆதார ஷட்ஜத்திலேயே ஒலிக்கும்போதுதான் முழு அமைதி உண்டாகிறது. அறிமுகத்தில் அயலிடத்தில் பிறந்த அக்கருத்து, முடிவில் சொந்தச் சுருதியில் குடியேறுகிறது.

அடுத்த முறை வீட்டில் பிள்ளை இதனை வாசிக்கும்போது, தொடங்குமுன் அந்த முதற் சுரத்தை ஒருமுறை மெல்லப் பாடி மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவ்வொரு சுரமே உங்கள் தம்புரா. இரண்டாங் கருத்தை இருமுறையும் கவனியுங்கள். முதன்முறை விலகிச் செல்வதும், மறுமுறை வந்து சேர்வதும் செவிக்குத் தாமே விளங்கும்.