உலோகக் கொடிக்கு டி.என்.ஏ. கொழுகொம்பு

அவரைக்கொடி படர்வதற்குக் கொழுகொம்பு வேண்டும். அக்கொம்பு நிலத்தில் உறுதியாக ஊன்றப்பட்டிருக்கவும் வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத மின்கம்பிகளை ஆக்கும் முயற்சியில், பரம்பரைப் பண்புகளைத் தாங்கிநிற்கும் டி.என்.ஏ. இத்தகைய கொழுகொம்பாகவே பயன்படுகின்றது.

டி.என்.ஏ. இழையின் குறுக்களவு 2 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்காகும். இழையின் இரு புரிகளும் தமக்கேற்ற இணையை இனங்கண்டு சேரும் இயல்புடையவை. ஆதலின், இழையின் முனை எவ்விடத்தில் பற்ற வேண்டும் என்பதை முன்னரே வகுத்துக்கொள்ளலாம். எனினும், நீண்ட இழை தானாகவே பயன்படுமளவுக்கு மின்சாரத்தைக் கடத்துவதில்லை.

1998-ஆம் ஆண்டில், இஸ்ரேல் நாட்டின் ஹைபா நகரிலுள்ள டெக்னியான் கழகத்து விஞ்ஞானிகள் இதற்கு வழி கண்டனர். இரு பொன் மின்வாய்களின் மீது குறுகிய டி.என்.ஏ. துண்டுகளைக் கந்தக அணுக்களின் துணையால் பொருத்தினர். அத்துண்டுகளுக்கு இணையான முனைகளையுடைய நீண்ட இழையொன்று இடைவெளியைப் பாலம்போல் இணைத்தது. பின்னர் வெள்ளி அயனிகளை இழையின் மேல் சேர்த்து, ஹைட்ரோகுவினோனால் உலோக வெள்ளியாக மாற்றினர். புகைப்படச் சுருளைக் கழுவுவதற்குப் பயன்பட்ட பொருள் இதுவே. ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர் நீளமும் 100 நானோமீட்டர் அகலமும் உள்ள வெள்ளிக்கம்பி உருவாயிற்று. அதனூடே மின்சாரம் பாய்ந்தது.

பொன்னைக் கந்தகம் பற்றுகின்றது. பொன்னல்லாத பரப்புகளில் இழையை எங்ஙனம் ஊன்றுவது? இங்கு உலோக அணைவுச் சேர்மங்கள் உதவுகின்றன. நடுவில் உலோக அயனியும், அதனைச் சூழ்ந்து பற்றிய மூலக்கூறுகளும் கொண்டவை இவை. ருத்தீனியம் அணைவொன்றின் ஒரு புறத்தில் பாஸ்போனேட்டுத் தொகுதியை அமைத்தால், அஃது உலோக ஆக்சைடுப் பரப்பை இறுகப் பற்றும். மறுபுறத்திலுள்ள தட்டையான வளையப் பகுதி டி.என்.ஏ.வின் படிகளுக்கிடையே செருகிக்கொள்ளும். அணைவின் நேர்மின்னூட்டமும் இழையின் எதிர்மின்னூட்டமும் ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைப்பை வலுப்படுத்தும்.

அணைவு, உலோகம் வளர்வதற்கு வித்தாகவும் அமையலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் பிளாட்டினம் அணைவுகளை டி.என்.ஏ.வுடன் பிணைத்து, ஒரு சில நானோமீட்டர் பருமனுள்ள உலோகத் துகள்களை இழை நெடுக வளர்த்தனர்; இம்முறையை 2002-இல் வெளியிட்டனர்.

இம்முறைகளில் இடர்ப்பாடுகளும் உள. வெள்ளி பூசிய கம்பி டி.என்.ஏ.வைப்போல் ஐம்பது மடங்கு பருத்துவிடுகின்றது. இழையின் மென்மையால் பெற்ற பயன் பெரிதும் குறைகின்றது. பூச்சை மெல்லியதாக்கினாலோ, துகள்களுக்கிடையே இடைவெளி ஏற்பட்டு மின்னோட்டம் தடைப்படும். மென்மையும் தொடர்ச்சியும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

வகுப்பில் இதனை விளக்கும் ஆசிரியர்கள், டி.என்.ஏ.வையே மின்கம்பி என்று கூறுதல் பொருந்தாது. இழை வழிகாட்டுகின்றது, அணைவு பற்றுகின்றது, மின்சாரத்தைக் கடத்துவது உலோகமே.