உடற்பயிற்சித் தொடர்ச்சியும் மெய்நிகர் பயிற்றுநரும்: மேட்டூர்த் தொழிலாளர் சூழலை முன்வைத்து

முன்னுரை

வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. பயிற்சியைத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர். இவ்விடைவெளியை நிரப்பும் கருவியாக முன்வைக்கப்படும் மெய்நிகர் பயிற்றுநரின் ஆற்றலையும் எல்லையையும் விளக்கி, மேட்டூர் போன்ற தொழில்நகருக்கு அது பொருந்தும் வகையை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்நிகர் பயிற்றுநர்

கைப்பேசியிலோ கணினியிலோ தோன்றிப் பயனரோடு உரையாடும் கணினி உருவமே மெய்நிகர் பயிற்றுநர். நடையளவைச் செயலி அடிகளை எண்ணிக் காட்டுவதோடு நின்றுவிடும். பயிற்றுநரோ நேற்றைய நடையை நினைவுகூர்ந்து, தடைகளைக் கேட்டறிந்து, அடுத்த இலக்கைப் பயனருடன் சேர்ந்து வகுக்கும்.

ஆய்வுகள் உணர்த்துவன

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிக்மோர், பிக்கார்ட் ஆகியோர் 'லாரா' என்னும் பயிற்றுநரை உருவாக்கினர். நலம் விசாரித்து நட்புடன் பேசிய லாராவோடு பயனர்கள் நெருக்கம் கொண்டனர். தொடர்ந்து பழகவும் விரும்பினர். ஆயினும், நட்புப் பேச்சு இல்லாத லாராவைப் பயன்படுத்தியோரைவிட அவர்கள் மிகுதியாகப் பயிற்சி செய்யவில்லை. பின்னர்ப் பாஸ்டனில் 263 முதியோரிடம் நிகழ்த்தி 2013இல் வெளியான ஆய்வில், பயிற்றுநருடன் பழகியோர் இரண்டாம் மாத முடிவில் கூடுதலாக நடந்தனர். அன்றாட உரையாடல் நின்றபின், ஓராண்டு முடிவில் அவ்வேறுபாடு தேய்ந்துவிட்டது.

தென்கிழக்கு இந்தியத் தொழிலகங்களைச் சார்ந்த 537 ஆண்களிடம் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நிகழ்த்திய ஆய்வும் 2013இல் வெளியானது. இது உரையாடும் பயிற்றுநர் அன்று. கைப்பேசிக் குறுஞ்செய்தி மட்டுமே. ஈராண்டில் நீரிழிவு அடைந்தோர் குறுஞ்செய்தி பெற்ற பிரிவில் 18 விழுக்காடு. பெறாத பிரிவில் 27 விழுக்காடு. எனினும் இப்பயன் உணவுப் பழக்க மாற்றத்தால் விளைந்ததேயன்றி உடலியக்கத்தால் விளைந்ததன்று எனத் தொடராய்வு காட்டியது. உண்ணும் முறையை மாற்றிய செய்தியால் நடக்கச் செய்ய இயலவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

மேட்டூர்ச் சூழல்

நடைக்கு நேரமும் இடமும் துணையும் தேவை. மேட்டூர் அனல்மின் நிலையத்திலும் வேதித் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு முறையில் பணிபுரிவோருக்கு உறங்கும் நேரமே மாறிக்கொண்டிருக்கும். 'காலை ஐந்து மணிக்கு நடக்கவும்' என்னும் நினைவூட்டல், இரவுப் பணியில் இருப்பவருக்குப் பயனற்றது. கோடை நண்பகலில் நடக்கத் தூண்டுவது தீங்காகவும் முடியலாம். நின்றும் சுமந்தும் உழைப்பவருக்கும் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒரே இலக்கு பொருந்தாது. எனவே பணிநேரம், வெயில், உழைப்பின் தன்மை ஆகியவற்றை முதலில் கேட்டறியும் பயிற்றுநரே இங்குத் தேவை. அது பேச்சுத் தமிழில், குரல்வழி உரையாடுதல் நலம்.

முடிவுரை

மெய்நிகர் பயிற்றுநரால் தொடங்கி வைக்க இயலும். தனித்து நின்று நிலைநிறுத்த இயலும் என்பதற்கு மேற்கண்ட ஆய்வுகளில் சான்றில்லை. தமிழகத்தில் 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர்கள் வீடுதேடிச் செல்கின்றனர். 2023இல் தொடங்கப்பட்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதையை வகுத்துள்ளது. இவற்றோடு இணைந்து, நடை நின்றுபோனவரைக் களப்பணியாளருக்கு அவரது ஒப்புதலுடன் அறிவிக்கும் கருவியாக அமையும்போதே மெய்நிகர் பயிற்றுநர் நிலைத்த பயன் தரக்கூடும்.