மண்ணில் கறையாய் மிஞ்சிய வீடுகள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பெல்லமி வீதியோடு லோறன்ஸுக்கு வடக்கே போனால், வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு புல்மேடு தெரியும். டேபர் ஹில் என்று பெயர். பக்கத்துத் தெருவின் பெயர்ப்பலகை ‘இந்தியன் மவுண்ட் கிரெசென்ட்’ என்கிறது. மேட்டின் மேலே 1961இல் வைத்த நினைவுக்கல் ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் நம்மவர் வீடுகளுக்குக் குறைவில்லை. நாளாந்தம் கடந்துபோகிற இடம்தான். அந்தப் புல்லுக்குக் கீழே ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் இருக்கின்றன.

1956 ஓகஸ்டில் கட்டுமான வேலைக்காக மேட்டை வெட்டிய இயந்திரத்தோடு எலும்புகளும் வெளியே வந்தன. வேலை நின்றது. றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்திலிருந்து தொல்லியலாளர் வோல்ற்றர் கென்யன் வந்து பார்த்தார். ஒரு பெரிய குழி, சுமார் 15 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம். அருகிலேயே சிறிதாக இன்னொன்று. மண்டையோடு, தொடையெலும்பு, விலா, விரல் எல்லாம் எது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி கலந்து கிடந்தன. பார்த்தவுடன் போர் என்றோ கொள்ளைநோய் என்றோதான் யாருக்கும் தோன்றும். இரண்டும் இல்லை. அப்படிக் கலந்து வைப்பதுதான் அந்த மக்களின் முறை. அதற்குப் பல நாள் உழைத்திருக்கிறார்கள்.

அவர்கள் வென்டாற் மக்களின் முன்னோர். பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர் ஹியூரன். டேபர் ஹில் குழியின் காலம் 14ஆம் நூற்றாண்டு என்று இப்போது கணிக்கிறார்கள். இங்கே அது ‘வரலாற்றுக்கு முந்திய காலம்’. அந்தச் சொல்லைக் கேட்டதும் பத்தாயிரம் ஆண்டு பின்னால் போய்விடுகிறோம். உண்மையில் அந்தத் தேதி இடத்துக்கு இடம் மாறும். எழுத்து எப்போது வந்ததோ அதுவரைக்கும் வரலாற்றுக்கு முந்தியதுதான். யாழ்ப்பாணத்தில் ஆரியச்சக்கரவர்த்திகள் ஆண்டுகொண்டிருந்த அதே நூற்றாண்டில், இங்கே கல்லையும் எலும்பையும் கொம்பையும் கருவியாகக் கொண்டு மக்காச்சோளம் பயிரிட்ட ஊர்கள் இருந்தன.

அந்த ஊர்களின் வீடுகளைப் பார்க்க முடியாது. ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் ஐயாயிரம் ஆண்டுப் பழைய கல்லறைகளும் வீடுகளும் இன்றும் நிற்கின்றன. மரம் அருமையான தீவு அது; கட்டிலைக்கூடக் கல்லில் அடுக்கினார்கள். ஒன்ராறியோவில் மரத்துக்குப் பஞ்சமில்லை. இளமரக் கம்புகளை நட்டு, மேலே வளைத்துக் கட்டி, எல்ம் அல்லது சீடர் மரப்பட்டையால் போர்த்திய நெடுவீடுகள். அகலம் ஆறு ஏழு மீற்றர், உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. நீளம் மட்டும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப 20, 30 மீற்றர், அதற்கு மேலும். நடுவே வரிசையாக அடுப்புகள். ஒவ்வொரு அடுப்புக்கும் இருபுறமும் ஒவ்வொரு குடும்பம். வீடு பெண்வழிக்கு உரியது. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். பிள்ளைகள் தாயின் குலம். மட்டக்களப்பில் தாய்வழிக் குடி முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்படியொரு வீடு எரிந்தோ இற்றோ போய் அறுநூறு ஆண்டு கழிந்தபின் மிஞ்சுவது ஒரு வண்ண வேறுபாடு. மேல்மண் இலைமக்கால் கறுத்தது. அடிமண் வெளிறிய மஞ்சள். நட்ட கம்பு உக்கிப்போனதும் அந்தத் துளைக்குள் கறுத்த மண் இறங்கி நிரம்புகிறது. தொல்லியலாளர்கள் மேல்மண்ணை இயந்திரத்தால் உரித்து, பின் தட்டையான மண்வெட்டியால் மயிரிழை மயிரிழையாகச் சீவுவார்கள். மஞ்சள் தரையில் கையகல வட்டங்களாகக் கறைகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் குறி நட்டு, வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள். கறை கம்புதானா என்று சந்தேகம் வந்தால் அதைப் பாதியாக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பார்கள். நேராக இறங்கிக் கூராக முடிந்தால் கம்பு. வளைந்து நெளிந்து போனால் மரவேர், அல்லது எலி வளை. புள்ளிகள் ஆயிரமாய்ப் பெருகும்போது இரண்டு இணைவரிசைகளும் வளைந்த முனைகளும் தாமாகவே எழும். நடுவே சிவந்து சுட்ட மண் இருந்தால் அது அடுப்படி. வீட்டில் ஆள் பெருகி ஒரு முனையைப் பிடுங்கி நீட்டியிருந்தால் அதுகூடத் தெரிந்துவிடும்.

ஸ்காபரோவின் வடமேற்கே, லமொறோ பகுதியில், 2000ஆம் ஆண்டில் புதுக் குடியிருப்புக்கு நிலம் தயாரித்தபோது இப்படித்தான் ஒரு முழு ஊர் வெளிப்பட்டது. அலெக்சாண்ட்ரா தளம் என்கிறார்கள். பத்துக்கும் மேற்பட்ட நெடுவீடுகள், காலம் ஏறத்தாழ டேபர் ஹில் குழியின் காலமே. பதிவு செய்து முடித்தபின் அதன்மேல் இன்றைய வீடுகள் எழுந்தன. சட்டப்படி சரிதான்.

இந்த ஊர்கள் நிலைக்கவென்று கட்டியவை அல்ல. பத்து, இருபது, சிலவேளை முப்பது ஆண்டுகளில் மண் சத்து இழக்கும். நடந்துபோகும் தூரத்தில் விறகு தீரும். பட்டைக் கூரை இற்றுப்போகும். ஊரே எழுந்து சில கிலோமீற்றர் தள்ளிப் போய்ப் புதிதாகக் காடு வெட்டும். வெட்டிப்போட்ட பழைய வயலில் மெல்ல மெல்லக் காடு திரும்பும். ரொறன்ரோவின் ஓடைக்கரைகளில் இத்தனை ஊர்த்தளங்கள் கிடைப்பதற்கு இதுதான் காரணம். ஒரே சனம் மூன்று நான்கு தலைமுறையில் மூன்று நான்கு ஊரை விட்டுச் சென்றிருக்கும்.

போகும்போது செத்தவர்களை என்ன செய்வது? அதற்கு விடைதான் அந்தக் குழி. இறந்தவர்களை முதலில் தனித்தனியே, மேடைமேல் ஏற்றியோ மண்ணில் புதைத்தோ வைத்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரும்பாலானோரை எடுத்துக் கூட்டி ஒரே குழியில் சேர்ப்பார்கள். 1636இல் ஜோர்ஜியன் குடாவுக்கு அருகே, ஒசொசானே என்ற ஊரில், ‘இறந்தோர் விருந்து’ எனப்படும் அப்படியொரு சடங்கை இயேசு சபைக் குரு ழான் டு பிரெபஃப் நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். உறவுப் பெண்கள் எலும்பில் ஒட்டியிருந்த தசையைத் தங்கள் கையால் அகற்றித் துப்புரவாக்கினார்கள். பீவர் தோலில் பொதிந்து, தோளில் சுமந்து ஊரூராக நடந்து வந்தார்கள். குழியைச் சுற்றி மேடை. குழிக்குள் பீவர் தோல் விரிப்பு. எலும்புகளைக் கொட்டியதும் சிலர் உள்ளே நின்று நீண்ட கழிகளால் அவற்றைப் பரப்பிக் கலந்தார்கள். தன் மதத்தைப் பரப்ப வந்தவர், அந்தப் பெண்களின் பாசத்தைக் கண்டு மெச்சி எழுதுகிறார். 1947-48இல் தொல்லியலாளர் கெனத் கிட் அந்த இடத்தை அகழ்ந்தபோது, மேடையைத் தாங்கிய கம்புகளின் கறைகளும் கிடைத்தன. எழுத்தும் மண்ணும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவது தொல்லியலில் அரிது.

எலும்பைக் கூட்டி இரண்டாம் முறை அடக்குவது நமக்கும் தெரிந்ததுதான். ஆதிச்சநல்லூரிலும் இலங்கையின் பொம்பரிப்பிலும் தாழிகளுக்குள் அப்படி வைத்த எலும்புகள் கிடைத்தன. ஆனால் தாழி பிரிக்கிறது. சிலருக்கு இது, சிலருக்கு அது. வென்டாற் குழி கரைக்கிறது. தலைவன், குழந்தை, வேற்றூர் மருமகன் எல்லோரும் ஒன்று. வீட்டில் அடுப்பைப் பங்கிட்டவர்கள் குழியில் எலும்பையே பங்கிட்டார்கள். வீடு பட்டையால் ஆனது, ஊர் நகர்வது. நிலைத்த முகவரி என்று அவர்களுக்கு இருந்தது இந்தக் குழி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

குழி எதையும் சொல்லாமல் போகவில்லை. 1997இல் நோர்த் யோர்க்கில், மோட்ஃபீல்ட் என்ற இடத்தில், உதைபந்தாட்டத் திடல் வேலையின்போது இன்னொரு எலும்புக்குழி தட்டுப்பட்டது. 87 பேர், காலம் சுமார் 1300. எலும்புகளை மீண்டும் அடக்கம் செய்ய வேண்டும் என்று முடிவானது. பற்களை ஆராய அனுமதி கிடைத்தது. பல்லே போதுமானதாக இருந்தது. மக்காச்சோளம் காற்றிலிருந்து கரியை எடுக்கும் வழி இங்கத்தைய காட்டுச் செடிகளின் வழியிலிருந்து வேறு; அதனால் கனமான கரியணு, அதாவது கார்பன்-13, அதில் சற்றுக் கூடுதலாகச் சேரும். உண்டவரின் பல்லிலும் அந்தக் கூடுதல் ஏறும். பல்லின் உட்பகுதி சிறுவயதில் உருவாகி, பெரும்பாலும் மாறாமலே இருப்பது. ஆகவே நாற்பது வயதில் இறந்தவரின் பல், அவர் குழந்தையாக இருந்தபோது வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று சொல்கிறது. மோட்ஃபீல்ட் பற்கள் சொன்னது: உணவில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், கூடவே ஏரி மீன்.

1649-50இல் ஹொடனஷோனி என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பின் படையெடுப்பாலும், அதற்கு முன்பே ஐரோப்பியரோடு வந்த தொற்றுநோய்களாலும் வென்டாற் மக்கள் சிதறினார்கள். ஒரு பகுதியினர் கியூபெக் நகரத்துக்கு அருகே குடியேறினர். வென்டாக்கே என்ற ஊரில் அவர்களின் சந்ததி இன்றும் வாழ்கிறது. 1956 ஒக்ரோபரில் டேபர் ஹில்லில் எலும்புகளைத் திரும்ப அடக்கம் செய்ய வந்தவர்களோ, பிரான்ற்ஃபோர்டுக்கு அருகேயுள்ள ‘ஆறு நாடுகள்’ குடியிருப்பின் தலைவர்கள், அந்த ஹொடனஷோனி மக்களின் வழிவந்தவர்கள். ஒருகாலத்துப் பகையாளியின் பேரப்பிள்ளைகள் இறந்தோர் விருந்தை நடத்திவைத்தார்கள். சொந்தச் சந்ததிக்கு முறை வர இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் எடுத்தது. ஒசொசானே எலும்புகள் 1999இல் மண்ணுக்குத் திரும்பின. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பெட்டிகளில் பல பத்தாண்டுகள் இருந்த சுமார் 1,760 பேரின் எலும்புகளை 2013 செப்ரெம்பரில் வென்டாற் மக்கள் வோனில் அடக்கம் செய்தார்கள்.

இந்த நகரத்தில் இன்னும் வெளிப்படாத குழிகள் இருக்க நிறைய வாய்ப்புண்டு. கண்டுபிடிப்பவர் தொல்லியலாளராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. டேபர் ஹில்லில் மண் வெட்டியவர்கள், மோட்ஃபீல்டில் திடல் திருத்தியவர்கள். நாளை அது பேஸ்மென்றுக்குத் தனிவாசல் வெட்டுகிற நம்மவர் ஒருவராகவும் இருக்கலாம். வேலை தாமதமாகுமே என்று மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள். மனித எலும்பைக் கண்டால் தோண்டுவதை நிறுத்திவிட்டு உடனே பொலிசுக்கோ மரண விசாரணை அதிகாரிக்கோ அறிவிக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம்.